லேமினேஷன் மெஷினை ஆன் செய்வதற்கு முன்: நம் கிளை நூலகத்துக்கு ஒரு திறந்த மடல்

நூலகர் அம்மாவுக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், மாவட்ட நூலக அலுவலகத்தில் இந்தக் கோப்பைப் பார்க்கப் போகிறவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் நூலகத்தில் சேர்ந்து கிடக்கும் பழைய பிட் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, போஸ்டர், சினிமா பாட்டுப் புத்தகம் எல்லாவற்றையும் ஆண்டு விழாவுக்குள் லேமினேஷன் போட்டு ஆல்பமாக்கிவிடலாம், ஒன்றுக்கு மேல் இருப்பதையும் கிழிந்ததையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்திலிருந்தவர் என்னைப் பார்த்தார், அதனால் தட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நேரில் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதுவும் இல்லாமல், இதே யோசனை வடசென்னையில் ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை வேறு நூலகங்களுக்கும் வந்திருக்கலாம். அவர்கள் கண்ணிலும் படட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். நூலகத்தின் பெயரை எழுதவில்லை. யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று எண்ணமில்லை, மெஷினை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் அப்பா காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மெஷின் வைத்து அச்சகம் நடத்தினார். பதினாறு வயதில் நான் எழுத்துக் கோக்கும் கம்போசிங் ஸ்டிக்கைக் கையில் பிடித்தேன். அப்பாவுக்கு ஒரு பழக்கம். எந்த வேலை முடிந்தாலும், மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகையோ, தொழிற்சங்கக் கூட்ட நோட்டீஸோ, கருமாதிக் கடிதமோ, ஒரு காப்பியை எடுத்துச் சுவரில் தொங்கும் கம்பியில் குத்திவிடுவார். பாக்கி வசூலிக்கப் போகும்போது காட்டுவதற்கு. கம்பி நிறைந்ததும் சணல் கட்டிப் பரண்மேல் போடுவார். கடையை மூடியபோது அந்தக் கட்டுகளைத்தான் இரண்டு அட்டைப்பெட்டியில் போட்டு நம் நூலகத்துக்குக் கொடுத்தேன். நடுவில் ஓட்டை விழுந்த தாள்களைப் பார்த்து, "எலி கடிச்சிருக்கு" என்று கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னாரே, அது எலி இல்லை. எங்கள் அப்பாவின் கம்பி.

அதில் ஒரு தாளைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ரோஸ் கலர் நோட்டீஸ் பேப்பர், டெமி எட்டில் ஒன்று சைஸ், ஒரு புத்தகப் பக்கம் அளவு. எங்கள் தெரு வாலிபர்கள் போட்ட சமூக நாடகத்துக்கு அடித்தது. "மே மாதம் 7-ந் தேதி சனிக்கிழமை இரவு 9-30 மணிக்கு" என்று இருக்கும், எந்த ஆண்டு என்று இருக்காது. நோட்டீஸ் அடிக்கிறவன் அடுத்த வாரத்தைத்தான் நினைக்கிறான், அறுபது வருஷம் கழித்து ஒருவன் கேட்பான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஆனால் தாளே சொல்லும். டிக்கெட் 25 ந.பை. என்று போட்டிருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்தது, 1964 ஜூனில் 'நயா' போய் வெறும் பைசாவானது. முகவரியில் சென்னை-21 என்று மட்டும் இருக்கிறது. 600 021 என்று எழுத ஆரம்பித்தது 1972 ஆகஸ்டில் பின்கோடு வந்த பிறகு. சரி, 1957க்கும் 1964க்கும் நடுவில் மே 7 எந்த ஆண்டில் சனிக்கிழமை? காலண்டரைப் புரட்டினால் ஒரே ஓர் ஆண்டுதான் வரும்: 1960.

பின்பக்கம் இன்னும் விசேஷம். யாரோ பென்சிலால் கணக்கு எழுதியிருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் 4, மைக் 15, சீன் வாடகை 20, பூ 1-50, டீ 3. கீழே ஒரு கோடு போட்டு, "மேற்படி துண்டு 6-25" என்று. அந்தத் துண்டை யார் கட்டினார்கள் என்று இல்லை. ஒரு தெரு நாடகம் போட 1960இல் எவ்வளவு ஆனது, எதற்கெல்லாம் ஆனது என்று எந்தப் புத்தகத்தில் தேடுவீர்கள்?

"எழுதியிருந்தார்கள்" என்று முடிந்துபோனதாக எழுதுகிறேன், கவனித்தீர்களா? சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கண்காட்சிக்கு இரவல் கேட்டார்கள் என்று அந்த நோட்டீஸைக் கொடுத்தேன். எந்த அமைப்பு என்று சொல்லி இப்போது ஒன்றும் ஆகப்போவதில்லை. வெள்ளைப் பசையைத் தாள் முழுக்கத் தடவி சார்ட் அட்டையில் ஒட்டிவிட்டார்கள். முன்பக்கம் பளிச்சென்று இருந்தது, நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கக் கணக்கு அட்டைக்குள் போய்விட்டது. பிரித்துப் பார்த்தேன், ரோஸ் தாள் சவ்வு சவ்வாக உரிந்து வந்தது. கணக்கை நான் மனப்பாடமாகச் சொல்கிறேன், ஆனால் ஒரு கிழவன் மனப்பாடமாகச் சொல்வதை யார் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்கள்?

அதனால்தான் ஆல்பம் என்றதும் வயிற்றைக் கலக்கியது. லேமினேஷன் அதைவிட மோசம். அந்த பிளாஸ்டிக் ஷீட்டின் உள்பக்கம் ஒரு பசைப் பூச்சு இருக்கிறது. மெஷினின் சூட்டில் அது உருகித் தாளின் நாருக்குள் இறங்கிவிடும், அப்புறம் பிரிக்க வழியில்லை. நோட்டீஸ் பேப்பரும் நியூஸ் பிரிண்டும் மரத்தை அப்படியே அரைத்த கூழில் வருபவை. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் போகாமல் அதிலேயே தங்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகும், அமிலம் சுரக்கும். மை பரவாமல் இருக்கப் படிகாரம் சேர்த்த பழைய தாள்களிலும் அதே அமிலம்தான். லேமினேஷன் அந்த அமிலத்தை உள்ளேயே பூட்டி வைக்கிறது. வெளியே பளபளப்பு இருக்கும், உள்ளே தாள் அப்பளமாகிக்கொண்டிருக்கும். ஆவணக் காப்பகங்களே ஒரு காலத்தில் செல்லுலோஸ் அசிடேட் வைத்து ஆயிரக்கணக்கில் லேமினேஷன் செய்தன. அந்த ஷீட் நாளடைவில் சிதைந்து புளிவாடை அடிக்க ஆரம்பித்தது, இன்று அதைப் பிரித்தெடுப்பதே தனி வேலையாகிவிட்டது. படித்தவர்கள் செய்த தவறுதான், நாம் அதைத் திரும்பச் செய்ய வேண்டாம்.

கண்ணாடி மாதிரி தெரிய வேண்டும், கை படக்கூடாது, அவ்வளவுதானே உங்கள் ஆசை? அதற்குப் பாலியெஸ்டர் ஷீட் உறை இருக்கிறது, மைலார் என்று கேட்டால் தெரியும். தாளை உள்ளே நுழைத்து இரண்டு பக்கம் மூடி இரண்டு பக்கம் திறந்து விடுங்கள், பின்னால் அமிலமில்லாத வெள்ளைத் தாள் ஒன்று வையுங்கள். எதுவும் ஒட்டாது, நாளைக்கு வேண்டுமென்றால் உருவி எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: தெருக்கடையில் விற்கும் மெத்மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அது நாளடைவில் எண்ணெய் கக்கி எழுத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். புது ரெயின்கோட் வாடை அடித்தால் பிவிசி. சந்தேகமாக இருந்தால் ஒரு செம்புக் கம்பியைச் சூடாக்கி ஷீட்டின் ஓரத்தில் தொட்டு, கம்பியை மறுபடி நெருப்பில் காட்டுங்கள், பச்சையாக எரிந்தால் வாங்காதீர்கள். (நூலகத்துக்குள் செய்து பார்க்க வேண்டாம்.) ஆண்டர்சன் தெருவில் பேப்பர் மொத்தக் கடைக்காரர்களிடம் கேளுங்கள், தங்களிடம் இல்லாவிட்டாலும் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் உறை வாங்கப் பணம் கிடையாது, தெரியும். நூற்றில் பத்துக்கு இருந்தால் போதும், அடிக்கடி எடுத்துக் காட்டும் தாள்களுக்கு. மற்றவை நல்ல தாளில் மடித்த ஃபோல்டருக்குள் இருக்கலாம். செய்தித்தாள் நறுக்குகளை மட்டும் தனியாக வையுங்கள், பக்கத்தில் இருப்பதையும் அது பழுப்பாக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். காசிமேட்டுக் காற்றில் ஜன்னல் கம்பியே துரு பிடிக்கிறது, பின் எம்மாத்திரம்? செலோ டேப் கூடவே கூடாது. கிழிந்திருந்தால் கிழிந்தபடியே ஃபோல்டரில் வையுங்கள், கிழிசலுக்கு அவசரமில்லை.

போஸ்டர் மடிந்திருக்கிறது என்று இஸ்திரி போடாதீர்கள். (சிரிக்காதீர்கள், கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.) பிரித்து, மேலே அட்டை வைத்து, அதன்மேல் பழைய கலைக்களஞ்சியத் தொகுதிகளை ஏற்றி வைத்தால் போதும். அவற்றை யாரும் எடுப்பதில்லை, அதற்காவது உதவட்டும்.

இனி மழை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் வந்தபோது புளியந்தோப்பு, பட்டாளம், வியாசர்பாடி எல்லாம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் இரண்டு பெட்டிகளில் ஒன்று அன்றைக்கு அலமாரிக்குக் கீழே தரையில் இருந்தது. நான்காம் நாள் திறந்தீர்கள். ஈரத்தாளில் பூஞ்சை பிடிக்க 48 மணி நேரம் போதும், நமக்கு அதைப்போல இரண்டு மடங்கு ஆகியிருந்தது. கலர் நோட்டீஸ்களின் சாயம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி எல்லாம் ஊதாவாகியிருந்தன. ஆர்ட் பேப்பரில் அடித்த காலண்டர் படங்கள் மொட்டைமாடி வெயிலில் காய்ந்து ஒரே செங்கல்லாகிவிட்டன. ஆர்ட் பேப்பரின் மேற்பூச்சு ஈரத்தில் பசையாகிவிடும், காய்ந்தபின் பிரிக்கவே முடியாது. ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்திருக்க வேண்டும், ஆள் இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு மீன் ஏற்றுமதி செய்கிறவர்களிடம் கெஞ்சி ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் மாதக்கணக்கில் காத்திருக்கும், நிதானமாகப் பிரித்துக்கொள்ளலாம். மீன்பிடித் துறைமுகம் பக்கத்தில் இருக்கும் ஊரில் இந்த வசதி கூட நமக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை, பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

அப்போது உங்களைத் திட்டினேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு நீங்கள் முதலில் தூக்கி மேலே வைத்தது பதிவேட்டில் எண் உள்ள புத்தகங்களை. சரியாகத்தான் செய்தீர்கள். எண் உள்ள புத்தகம் ஒன்று குறைந்தால் இருப்புச் சரிபார்ப்பில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும், சில இடங்களில் கையிலிருந்து பணமும் கட்ட வேண்டும். என் பெட்டிக்கு எண் இல்லை. அது நூலகத்துக்குள் இருந்தது, நூலகத்தினுடையதாக இல்லை. நனைந்தால் கேட்பாரில்லை, எடைக்குப் போட்டாலும் கேட்பாரில்லை.

என் மடலில் வேறு எதை மறந்தாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள்: எண் கொடுங்கள்.

நூலகர் அம்மா உடனே என்ன சொல்வார் என்று தெரியும். "ஐயா, ரெண்டாயிரம் துண்டுத் தாளுக்கு நான் அக்செஷன் நம்பர் போட்டா, நாளைக்கு ஒண்ணு காத்துல பறந்தா நான்தானே மாட்டுவேன்?" நியாயமான பயம். அதனால் தாளுக்கு எண் வேண்டாம், பெட்டிக்குக் கொடுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பதிவு. உள்ளே பத்துப் பதினைந்து ஃபோல்டர், ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் நான்கு விவரம்: என்ன வகை, எந்த வட்டாரம், ஏறக்குறைய எந்த ஆண்டுகள், எத்தனை தாள். "சங்கக் கூட்ட நோட்டீஸ், பெரம்பூர் – புளியந்தோப்பு, 1970கள், 43 தாள்." போதும். பெரிய ஆவணக் காப்பகங்களும் இப்படித்தான் மொத்தமாகப் பதிவு செய்கின்றன, உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத அவர்களுக்கும் ஆள் இல்லை. மாவட்ட அலுவலகத்தில் இதைப் படிக்கிற ஐயா அல்லது அம்மா, உங்களிடம் கேட்பது இதுதான். பெட்டியை ஓர் உருப்படியாகப் பதிவேட்டில் ஏற்றலாம், உள்ளே ஒரு தாள் கிழிந்தால் அதற்கு நூலகரைப் பிடிக்க மாட்டோம் என்று எழுத்தில் ஓர் உத்தரவு. ஒரு பக்கக் கடிதம். பணம் காசு கேட்கவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு கடிதம் பெரிய விஷயம் இல்லை.

எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். நூல்களையும் செய்தித்தாள்களையும் கன்னிமாராவுக்கு அனுப்ப வேண்டும் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உண்மை. கொருக்குப்பேட்டையில் அடித்த கூழ் வார்க்கும் திருவிழா நோட்டீஸை யார் கன்னிமாராவுக்கு அனுப்புகிறார்கள்? தெருவில் இருக்கும் நூலகம் எடுத்து வைக்காவிட்டால் அதை வேறு யாரும் எடுத்து வைக்கப் போவதில்லை.

பூக்கடைப் பக்கம் அந்தக் காலத்துக் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்குப் பாட்டுப் புத்தகம் விற்றார்களே, கொலைச்சிந்து, வெள்ளச்சிந்து, ரயில் விபத்துச் சிந்து என்று. படித்தவர்கள் அதைத் தொடமாட்டார்கள். இன்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் அதில் ஒன்று கிடைக்காதா என்று அலைகிறார்கள். அப்படிப்பட்டவற்றைச் சேர்த்து வைத்தவர் யார் என்று பார்த்தால், கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா. புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கைக்கு வந்ததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, நாட்டை விட்டுக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள், என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள்.

பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் பெயரெல்லாம் வரலாற்றில் இருக்கிறது. ஆலை 1996இல் மூடியது. நடுவில் எழுபத்தெட்டு ஆண்டுகள், கேட்டில் கொடுத்த நோட்டீஸ் எத்தனை இருந்திருக்கும்! எங்கள் கடையிலேயே ராத்திரி பதினொரு மணிக்கு வந்து காலை ஷிஃப்டுக்குள் ஆயிரம் வேண்டும் என்று நிற்பார்கள். சார்பட்டா பரம்பரைக்கும் இடியப்ப நாயக்கர் பரம்பரைக்கும் குத்துச்சண்டை என்று போஸ்டர் ஒட்டினால் கூட்டம் நின்று படிக்கும். அகஸ்தியா, மகாராணி தியேட்டர் வாரப் போஸ்டர்கள். வியாசர்பாடியில் கால்பந்துப் போட்டி நோட்டீஸ். இவற்றில் எத்தனை இப்போது யார் வீட்டில் இருக்கின்றன?

எடைக்குப் போடலாம் என்றீர்களே, அதற்கும் ஒரு வார்த்தை. ஒரே நோட்டீஸ் ஐம்பது இருந்தால் இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் 'ஒரே மாதிரி' என்று முடிவு செய்யும் முன் கீழ்வரியைப் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் தாளில் இருக்க வேண்டும் என்பது 1867ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம், தேர்தல் நோட்டீஸுக்கு இன்றும் கட்டாயம். அடியில் எட்டுப் பாயிண்டில் இருக்கும் அந்த வரிகளை மட்டும் ஒருவர் பொறுமையாக எழுதி வந்தால், வடசென்னையில் எந்தத் தெருவில் எந்த அச்சகம் இருந்தது என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். எழுத்தையும் பாருங்கள். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி இருந்த பழைய வளைவை இழந்தன. ஆனால் புது ஃபவுண்டு, அதாவது அச்செழுத்துத் தொகுதி, வாங்கக் காசு வேண்டுமே. எங்கள் கடையில் தீர்ந்துபோன எழுத்துக்கு மட்டும் புதுசு வாங்கியதால், ஒரே பத்திரிகையில் ஒரு 'லை' துதிக்கையோடும் இன்னொன்று இல்லாமலும் இருக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கல்யாணப் பத்திரிகையில் தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். சார்வரி என்று இருந்தால் 1960ஆகவும் இருக்கலாம், 2020ஆகவும் இருக்கலாம். "முகக்கவசம் அணிந்து வரவும்" என்று கீழே இருந்தால் குழப்பமில்லை. அதையும் எடுத்து வையுங்கள்.

புதிது என்றதும் ஞாபகம் வருகிறது. இப்போதைய பஸ் டிக்கெட், கடை ரசீது எல்லாம் சூட்டில் அச்சாகும் தாள், சில வருஷத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஃபிளெக்ஸ் பேனரைப் போட்டோ எடுத்தால் போதும், தயவு செய்து சுருட்டிக் கொண்டு வராதீர்கள். பத்திரிகைகளில் வீட்டு முகவரியும் போன் நம்பரும் இருக்கும், அதனால் அண்மைக்கால ஃபோல்டர்களைக் கேட்கிறவர் யார், எதற்கு என்று எழுதி வாங்கிக்கொண்டு காட்டுங்கள்.

பெட்டியைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயரத்தில் வையுங்கள், கழிவறைச் சுவரை ஒட்டி வேண்டாம். பீரோவில் பாச்சை உருண்டை போடாதீர்கள், தாளுக்கும் ஆகாது, திறக்கிறவர் மூக்குக்கும் ஆகாது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் ராமபாணப் பூச்சிக்கு மருந்து. பகலில் ஏசி போட்டு ராத்திரி அணைப்பதைவிட ஒரு மின்விசிறியும் மூடிய அட்டைப்பெட்டியும் மேல். எண்ணூர், மணலிப் பக்கமிருந்து வரும் புகையில் கந்தகம் இருக்கிறது, அது ஈரத்தோடு சேர்ந்தால் தாளில் அமிலமாகும், அதற்கும் மூடிய பெட்டிதான் பதில்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நூலகத்துக்கு வருகிறேன். மெல்லிய பிரஷ், பின் பிடுங்கும் கத்தி, நல்ல தாள் ஒரு ரீம் நானே கொண்டு வருகிறேன். வாசகர் வட்டத்தில் மூன்று பேர் வந்தால் ஒரு நாளில் ஒரு பெட்டி முடியும். நனைந்த பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம், அந்தச் செங்கல்லையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஓரத்தில் ஒரு காலண்டர் தேதி தெரிகிறது.

லேமினேஷன் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றார்கள். வீணாக வேண்டாம். உறுப்பினர் அட்டைகளுக்குப் போடுங்கள். "அமைதி காக்கவும்" போர்டும் போன மழையில் ஊறி எழுத்து அழிந்து கிடக்கிறது, அதற்கும் ஒன்று போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் இருந்தவன்